மத்தளமும் பாட்டும் ஒருவரிடமே இருந்தால்



நம் திருவண்ணாமலைப் பகுதிக் கிளைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு குடும்பத் தலைவர் கேட்டிருக்கும் கேள்வியை இம்மாதம் எடுத்துக்கொள்கிறோம். "எங்கள் சிற்றாலயத்தில் டோலக் வாசிக்கும் தம்பிதான் பாட்டையும் எடுத்துக் கொடுக்கிறார். வேறு பாடகர் இல்லை. மைக்கை அவர் முன்னே வைத்தால் டோலக் சத்தம் இடியாக வருகிறது. பாட்டின் சொல் ஒன்றும் விளங்கவில்லை. தம்பியைப் பாடவேண்டாம் என்று சொல்லிவிடலாமா, அல்லது டோலக்கை நிறுத்திவிட்டுத் தாளப் பெட்டி வாங்கலாமா, சுவாமி?" இதுவே கேள்வி.

இரண்டும் வேண்டாம் என்பதே நம் பதில். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொட்டுபவரே பாடுவது நம் மண்ணுக்குப் புதிதன்று. வடார்க்காட்டுச் சிற்றூர்களில் பம்பையை இடுப்பில் கட்டிக்கொண்டு இரவு முழுவதும் கதைப்பாட்டுப் பாடுவோரையும், உடுக்கையை ஒரு கையில் ஏந்திப் பாடுவோரையும் நம்மில் பெரியவர்கள் கண்டிருக்கிறார்கள். செய்யாறு அருகேயுள்ள புரிசையில் தெருக்கூத்து இன்றும் நடைபெறுகிறது. ஒலிபெருக்கி வருவதற்கு முன்னரே, மிருதங்கமும் முகவீணையும் பக்கத்தில் முழங்க, திறந்த வெளியில் அமர்ந்த ஊர் மக்கள் அனைவருக்கும் கேட்கும்படி அவர்கள் பாடி வந்தார்கள். அது எவ்வாறு இயன்றது? உச்சக் குரலில் பாடினார்கள் என்பது ஒன்று. ஒரு அடியைப் பாடியதும் பின்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் பாடியதனால், முதல்முறை தவறிய சொல் இரண்டாம் முறை செவியில் விழுந்தது என்பது மற்றொன்று. எல்லாவற்றிலும் முக்கியமானது, சொல் வரும்போது தோல் அடங்கியது, சொல் நின்ற இடத்தில் தோல் விரிந்தது என்பதே. இந்த மூன்றாவது வித்தையை நம் இளைஞர்கள் மறந்துவிட்டார்கள் என்றே தோன்றுகிறது. மைக்கு இருக்கிறது என்ற துணிவில் பல்லவியிலும் சரணத்திலும் ஒரே அடியாக அடிக்கிறார்கள்.

மேனாட்டிலும் இச்சிக்கல் உண்டு. கேரன் கார்ப்பென்டர் என்னும் அமெரிக்கப் பாடகி தம் இசை வாழ்வை டிரம்ஸ் வாசிப்பவராகத்தான் தொடங்கினார். பாடலுக்கே பெயர் பெற்றபின், வேறொருவர் டிரம்ஸ் வாசிக்க, அவர் மேடையின் முன்னே வந்து நின்று பாடலானார். ஜெனெசிஸ் குழுவின் பில் காலின்ஸ் 1975-ல் முதன்மைப் பாடகர் பொறுப்பை ஏற்றபின், மேடை நிகழ்ச்சிகளில் டிரம்ஸுக்கு இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டார்கள். லெவன் ஹெல்ம் போன்ற சிலரோ டிரம்ஸை விட்டு எழாமல் கடைசிவரை பாடினார்கள். இன்னொருவரை அமர்த்தும் வசதி அவர்களுக்கு இருந்தது. முப்பது குடும்பங்கள் உள்ள சிற்றாலயத்தில் அந்த இன்னொருவர் எங்கிருந்து வருவார்? அத்தம்பி வாய் மூடினால் பதிலுரைப் பாடலும் இல்லை, அல்லேலூயாவும் இல்லை; மக்கள் கைகட்டி அமர்ந்து, குரு முணுமுணுப்பதைக் கேட்டுவிட்டு வீடு திரும்புவார்கள்.

இனி மைக்குக்கு வருவோம்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். ஒலிவாங்கிக்குப் பாட்டும் தெரியாது, கொட்டும் தெரியாது. தன்னிடம் வந்து சேரும் ஓசை எதுவாயினும் அதை மின்னோட்டமாக மாற்றும் அவ்வளவே. ஆகவே குரல் மிக அருகிலிருந்தும், மத்தள ஓசை தொலைவிலிருந்தும் வருமாறு செய்வதே நம் வேலை. வாய்க்கும் மைக்குக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி, ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் போதும். அது 8 சென்டிமீட்டர் ஆயிற்றென்றால் குரல் ஏறக்குறைய 6 டெசிபெல் குறைந்துபோகும். மத்தள ஓசையோ குறையாமல் அப்படியே இருக்கும். குரல் குறைந்ததென்று ஆம்ப்ளிஃபையரைத் திருகுகிறவர் குரலோடு மத்தளத்தையும் சேர்த்தே உயர்த்துகிறார். "மைக்கை எவ்வளவு கூட்டினாலும் பாட்டுக் கேட்கவில்லை" என்று அங்கலாய்ப்போருக்கு விடை இதுதான்.

அடுத்தது திசை. நாற்புறமும் ஒரே மாதிரி ஓசை வாங்கும் மைக்கு இவ்வேலைக்கு ஆகாது. இதய வடிவ மைக்கு என்று கடைக்காரர் சொல்வது, முன்புறம் வருவதை நன்றாக வாங்கி, முதுகுப்புறம் வருவதைப் பெரிதும் தள்ளிவிடும் வகை. 1966 முதல் விற்பனையில் இருந்துவரும் ஷூர் எஸ்.எம். 58 இவ்வகையே, அதைவிட மலிவான மைக்குகளிலும் இவ்வகை உண்டு. இதை எப்படி வைப்பது? பலரும் தாங்கியின் கையை மேலிருந்து இறக்கி, மைக்கின் முகம் கீழ்நோக்கும்படி வைக்கிறார்கள். கைகளுக்கு இடைஞ்சல் இல்லை என்பது உண்மையே. ஆனால் அந்த முகம் வாயைத் தாண்டி நேரே மத்தளத்தைப் பார்க்கிறது! மாறாக, வாய்க்குச் சற்றுக் கீழே வைத்து முகத்தை மேல்நோக்கித் திருப்பினால், மைக்கின் முதுகு மத்தளத்தின் பக்கம் திரும்பிவிடும். இதனால் மட்டுமே கிடைக்கும் வேறுபாடு, காதால் கேட்டு வியக்கும் அளவுக்கு இருக்கும்.

தாங்கியின் கால் வாசிப்பவருக்கு நேர் முன்னே நிற்கலாகாது; அடிக்கும் கை தட்டினால் "டம்" என்ற அதிர்ச்சி ஆலயமெங்கும் பரவும். நீண்ட கையுள்ள தாங்கியை அவருடைய இடப்பக்கமாக நிறுத்தி, கையைக் குறுக்கே கொண்டுவரலாம். தரையில் அமர்ந்து டோலக்கோ தபேலாவோ வாசிப்பவருக்குக் குட்டைத் தாங்கி வேண்டும். நெடிய தாங்கியைச் சாய்த்துச் செங்கல் முட்டுக் கொடுப்பது நம் ஊர் வழக்கம், அது இரண்டாம் பாட்டில் விழுந்துவிடும். வாயருகே மைக்கு வருவதால் அடித்தொனி மிகும்; 'பேஸ்' குமிழைக் குறைத்துவிட்டால் சொல் துலங்கும், மத்தளத்தின் முழக்கமும் அடங்கும். 'பிதா' என்னும்போது வரும் காற்று வெடிப்புக்கு ஒரு பஞ்சு உறை போதும்.

பறையை நின்றுகொண்டும் ஆடிக்கொண்டும் வாசிப்பவருக்குத் தாங்கி உதவாது. காதில் மாட்டும் மைக்கே ஏற்றது. தலை எங்கே திரும்பினாலும் இடைவெளி மாறாது. ஆனால் மலிவான தலை மைக்குகளில் பல, நாற்புறமும் வாங்கும் வகையைச் சேர்ந்தவை. கடையில் கேட்டு, இதய வடிவ வகையையே வாங்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின் ஒரு வார்த்தை: சிற்றாலயத்தில் மத்தளத்துக்கென்று தனி மைக்கு எதற்கு? டோலக்குக்கு இரண்டு மைக்கு வைத்திருக்கும் ஆலயங்களை நாம் பார்த்திருக்கிறோம். முப்பது குடும்பங்கள் அமரும் கூடத்தில் டோலக் தானாகவே கடைசிச் சுவர் வரை கேட்கும். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும், ஊளை எழாமல் ஒலியைக் கூட்டக்கூடிய அளவு ஏறத்தாழ 3 டெசிபெல் குறைகிறது. ஆகவே மத்தள மைக்கை எடுத்துவிட்டாலே பாட்டு மைக்கைக் கூட்ட இடம் கிடைத்துவிடும். ஒலிபெருக்கிப் பெட்டிகள் மைக்குக்கு முன்னே, மக்களை நோக்கி இருக்கவேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? பாடுகிறவருக்கெனத் தனிப் பெட்டி வைப்பதானால், மைக்கின் முதுகுப்புறம் தரையில் வைக்க வேண்டும்.

திருச்சபை இதுபற்றி என்ன சொல்கிறது என்று கேட்போரும் உண்டு. 1903-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள், புனித செசிலியம்மாள் திருநாளன்று, புனித பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட மடல், மத்தளம், கைத்தாளம் போன்ற இரைச்சலான கருவிகளை ஆலயத்தில் விலக்கி வைத்தது. பின்னர் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுச் சாசனம், 1963 டிசம்பர் 4 அன்று, அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பளித்து, தூய வழிபாட்டுக்குப் பொருந்தும் பிற கருவிகளுக்கும் வழி திறந்தது. 1967 மார்ச் 5-ல் வெளிவந்த இசை பற்றிய போதனையேடு ஓர் எல்லையையும் வகுத்தது: கருவியோசை குரல்களை மூழ்கடித்துச் சொற்கள் விளங்காதபடி செய்யலாகாது; குரு தமக்குரிய பகுதியை உரக்கச் சொல்லும்போது கருவிகள் மௌனமாய் இருக்க வேண்டும். ஆக, மைக்கை நாலு விரல் தள்ளி வைப்பதா, இரண்டு விரல் தள்ளி வைப்பதா என்பது வெறும் கருவி விஷயம் என்று தள்ளிவிட முடியாது. தவக்காலத்தில் பாடலுக்குத் துணையாக மட்டுமே கருவிகள் ஒலிக்கலாம் என்பதையும் பாடகர் குழுவினர் நினைவில் வைப்பார்களாக.

தாளப் பெட்டி வாங்கலாம் என்னும் யோசனையின் பின்னே வேறொரு எண்ணமும் சில இடங்களில் ஒளிந்திருப்பதை நாம் அறிவோம். "அந்தத் தெருப் பையன் பீடத்தருகே உட்கார்ந்து கொட்டுவதா?" என்று வாய்விட்டுச் சொல்லாமல், "சத்தம் அதிகம்" என்பார்கள். சாவு வீட்டுக்குப் பறை வேண்டும், திருப்பலிக்கு ஆகாதென்றால் அது எந்த நியாயம்? திண்டுக்கல்லில் 1990-ல் அருட்சகோதரியர் தொடங்கிய சக்தி கலைக்குழு, தலித் பெண்களின் கைகளில் பறையைக் கொடுத்து உலக மேடைகளுக்கு அழைத்துச் சென்றது. மதுரையின் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் நடுவண் அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. சத்தம் உண்மையிலேயே அதிகமானால் மேலே சொன்ன வழிகள் இருக்கின்றன. பையனை எழுப்பிவிடுவது அந்த வழிகளுள் ஒன்றன்று.

அண்டை வீட்டாரையும் மறக்கலாகாது. பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் மலை சுற்றி வரும் மக்கள் வெள்ளத்தின் நடுவே, பல சமயத்தாரும் நெருங்கி வாழும் நகரம் நம்முடையது. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் ஒரு கிறிஸ்தவ சபை டிரம்ஸும் ஒலிபெருக்கியும் வைத்து வழிபட்டதை எதிர்த்து அக்குடியிருப்போர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பிறர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியாலும் மத்தள முழக்கத்தாலும் வழிபட வேண்டுமென்று எந்த மதமும் விதிக்கவில்லை என்று 2000 ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பாயிற்று. அதே ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55 டெசிபெல், இரவு அளவு 45. கோபுரத்தில் கட்டிய கூம்புக் குழாயை இறக்கிவிட்டு, ஆலயத்துக்குள்ளே இரண்டு நல்ல பெட்டிகளை மாட்டினால் உள்ளே சொல்லும் விளங்கும், வெளியே சண்டையும் வராது.

கேள்வி கேட்ட குடும்பத் தலைவருக்கு: சனிக்கிழமை மாலை ஒத்திகையின்போது, பாட்டை முன்பின் அறியாத ஒரு சிறுமியைக் கடைசி வரிசையில் உட்கார வைத்து, தம்பியைப் பதிலுரைப் பாடலைப் பாடச் சொல்லுங்கள். அவள் கேட்ட சொற்களைத் திருப்பிச் சொல்லட்டும். சொல்ல முடியாத இடத்தில் மைக்கை நகர்த்துங்கள். அதற்கு முன் தம்பியின் கையைச் சற்று அடக்கச் சொல்லுங்கள். மறுநாள் ஆலயம் நிறைந்திருக்கும்போது மக்களின் உடலும் உடையும் ஓசையை உறிஞ்சும். ஆகையால் அன்று ஒரு சிறிதே கூட்ட வேண்டியிருக்கும். ஆம்ப்ளிஃபையருக்கு மூன்று முனைப் பிளக்கும் சரியான எர்த்தும் இருக்கின்றனவா என்று மின் பணியாளரைக் கொண்டு பார்த்துவிடுங்கள். வியர்த்த உதடு இரும்புத் தலையைத் தொடும் தூரத்தில் அல்லவா பாடப்போகிறார்!