பின்வரிசை ஓட்டக்காரர்கள்

ஆசிரியருக்கு,

தொலைதூர ஓட்டம் பற்றி எழுதும்போது பதக்கக்காரர்களோடு நிறுத்திவிடாமல், கைக்குழந்தைக்காரர்களையும் கொஞ்சம் கவனிக்கலாம்.

அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் மே மாத முதல் ஞாயிறன்று நடப்பது 'புளூம்ஸ்டே' ஓட்டம். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் நான்காவதாக வந்த டான் கார்டாங், மறு ஆண்டே தன் ஊரில் இதைத் தொடங்கினார். தூரம் 12 கிலோமீட்டர். வேலைக்கும் போய்ப் பிள்ளையையும் பார்க்கும் பெற்றோருக்கு இது தோதான அளவு. 42 கிலோமீட்டர் மாரத்தான் என்றால் வார இறுதிகளில் மூன்று மணி நேரப் பயிற்சி வேண்டும். அதை எந்த வீடு தாங்கும்? இதற்கோ, பிள்ளைகள் எழுமுன் முக்கால் மணி நேரம் ஓடிப் பழகினாலே போதும்.

வேகக்காரர்கள் முன்னால் கிளம்புவார்கள். தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவர்களுக்குப் பின்வரிசை.

எட்டு கிலோமீட்டர் தாண்டியதும் 'டூம்ஸ்டே' மேடு மூச்சை வாங்கும். அதன் உச்சியில் பிணந்தின்னிக் கழுகு வேடத்தில் ஒருவர் நின்று வரவேற்பார். வண்டியில் உட்கார்ந்து வரும் குட்டிகளுக்கு அதுதான் வேடிக்கை, தள்ளுகிறவர்களுக்கு அல்ல! ஓடி முடித்த எல்லோருக்கும் ஒரே டி-சட்டைதான். அதன் வடிவமைப்பு பந்தய நாள்வரை ரகசியம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்