விடைக்கோழியின் என்பு

முட்டை விலை ஏறுகின்ற வாரங்களில் வெள்ளவத்தைக் கடைகளிலும் கொட்டாஞ்சேனைச் சந்தையிலும் எழும் பேச்சு, இறக்குமதியையும் கட்டுப்பாட்டு விலையையும் தாண்டிக் கோழியிடம் வந்து சேர்வதேயில்லை என்ற மனக்குறையை இப்பத்தியின் நெடுநாள் வாசகர் பலமுறை கேட்டிருப்பர். இவ்வாரமும் அதே பேச்சு நடப்பதால் அக்குறை சினமாகவே முதிர்ந்துள்ளது. 2022 ஆகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபாய், சிவப்பு முட்டைக்கு 45 ரூபாய் என உச்ச விலை விதிக்கப்பட்டதும், 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை கப்பலேறி வந்ததும் எல்லோர் நினைவிலும் உள்ளன. ஆயினும் கொல்லையில் நான்கைந்து கோழி வளர்க்கும் குடும்பத்துக்கு, விடைக்கோழியை, அதாவது முதல் முட்டையை இன்னும் இடாத இளம் பேட்டை, எப்போது முட்டைத் தீனுக்கு மாற்றுவது என்று விளக்கிச் சொல்வார் அரியர்.

வளர்பருவத் தீனில் கல்சியம் ஏறத்தாழ 1 சதவீதமாகவும், கடைவழக்கில் லேயர் மாஷ் எனப்படும் முட்டைத் தீனில் 3.5 முதல் 4 சதவீதமாகவும் இருக்கும். பல வாரங்கள் முந்தி இதைக் கொடுத்தால், தேவைக்கு மிஞ்சிய கல்சியத்தை வெளியேற்றும் சுமையால் சிறுநீரகம் பழுதுற்று, அதில் கற்கள் படிவதும் உண்டு. "லேயர் போட்டால் கெதியாய் முட்டையிடும்" என்னும் அறிவுரை முற்றிலும் தவறானது; முட்டையை முந்தச் செய்வன உடல் எடையும் பகலொளியின் நீளமுமே.

பிந்துவதும் தீங்கே. அதன் காரணத்தை அறிய விலைப் பேச்சை விட்டுக் கோழியின் காலென்புக்குள் நோக்கவேண்டும். முதல் முட்டைக்கு ஏறத்தாழ இரு வாரங்களுக்கு முன், பெண்மைச் சுரப்பின் தூண்டலால் என்பின் உட்குழியில் மச்சை என்பு எனத்தக்க புதிய திசு வளர்கின்றது. இது ஓட்டுக்கான கல்சியத்தைச் சேமிக்கும் களஞ்சியம். ஓர் ஓட்டுக்கு 2 கிராமுக்குச் சற்று மேற்பட்ட கல்சியம் வேண்டும். ஓடு பெரும்பாலும் கோழி தீன் தின்னாத இரவிலேயே உருவாவதால், குடலில் இருப்பது தீர்ந்ததும் இக்களஞ்சியம் கரைந்து கொடுக்கின்றது. களஞ்சியம் நிரம்பாத கோழி தன்னைத் தாங்கும் என்பையே கரைத்து முட்டையிட்டு, ஈற்றில் நிற்கவும் வலுவிழக்கின்றது. 2005 இல் தொல்லுயிரியலாளர் மேரி ஷ்வைட்சரின் குழு, மொன்டானாவில் கிடைத்த, ஏறத்தாழ 6 கோடி 80 லட்சம் ஆண்டுப் பழமையுடைய தைரனோசோரசு என்னும் டைனோசர் ஒன்றின் தொடையென்பில் இத்திசுவைக் கண்டதாக அறிவித்து, அது முட்டையிடும் பருவத்துப் பெண் விலங்கு என்ற முடிவுக்கு வந்தது. அத்துணைத் தொன்மையான ஏற்பாடு கொல்லைக் கோழியின் காலுக்குள் நிகழ்கையில், சாக்கில் அச்சிட்ட வார எண்ணை மட்டும் நம்பித் தீன் மாற்றுவது அதற்குச் செய்யும் அநீதியாகும்.

கலப்பினக் கோழிக்கு 16 முதல் 18 வாரம் என்பது பொதுக் கணக்கு. ஊர்க்கோழி அதனினும் பல வாரம் பிந்தும். ஆகையால் கொண்டை சிவந்து பருக்கிறதா, கை வைத்தால் பேடு பதுங்குகிறதா, இடுப்பென்புகளுக்கிடையே இரு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். இக்குறிகள் தோன்றியதும் நொறுக்கிய சிப்பி ஓட்டைத் தனிச் சட்டியில், குறிப்பாக மாலையில், வையுங்கள். வேண்டிய அளவைக் கோழியே தெரிந்து உண்ணும். முதல் முட்டையைக் கண்ட நாளுக்குப் பின் முட்டைத் தீனைத் தாமதிக்காதீர்கள்.