வாதியும் அவரே, நீதிபதியும் அவரே!



கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறீர்கள். லுஹர் பாங்குக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. கைப்பேசியில் ஒரு படம் வந்து விழுகிறது. பார்த்ததும் இரத்தம் கொதிக்கிறது. கீழே, 'நீ உண்மையான முஸ்லிமாக இருந்தால் பத்துப் பேருக்கு அனுப்பு' என்று எழுதியிருக்கிறது. கோபத்தில் நீங்களும் அனுப்பி விடுகிறீர்கள். அந்தப் படத்தை வரைந்தவருக்குச் சம்பளம் வாங்காத ஏஜெண்டாக வேலை பார்த்து விட்டோமே என்று யோசித்தீர்களா?

அப்படிச் சுற்றுக்கு வரும் படங்களில் ஒன்றுதான் இங்கிலாந்தில் 2005-ல் தொடங்கப்பட்ட 'ஜீசஸ் அண்ட் மோ' என்ற இணையச் சித்திரத் தொடர். வரைபவர் தம் பெயரை வெளியிடுவதில்லை. ஈஸா நபியின் பெயரில் ஒரு பாத்திரம், நமது உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்களைக் குறிக்கும் பெயரில் இன்னொரு பாத்திரம். இருவரும் ஒரே அறையில் தங்கியிருக்கிறார்களாம். மதுக்கடைக்குப் போய் உட்கார்ந்து மதங்களைப் பற்றிப் பேசுகிறார்களாம். மூஸா (அலை) அவர்களையும் இடையிடையே இழுத்து வருகிறார்கள்.

'இரண்டு மதங்களையும் சமமாகத்தானே கேலி செய்கிறோம்' என்பது அவர்கள் தரப்பு நியாயம். இந்தக் கணக்கு நமக்குப் பொருந்துமா? ஈஸாவும் மூஸாவும் நமக்கு வேற்று மதத்தின் தலைவர்களா? நம் ஈமானில் அடங்கிய தூதர்கள் அல்லவா! அவர்களுக்கு இரண்டு மதங்கள் என்றால், நமக்கு மூன்று காயங்கள்.

காயத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, இதைக் கதையாகவே எடைபோட்டுப் பார்ப்போம். அந்தக் கடையில் மது ஊற்றித் தரும் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் நாத்திகம் பேசுபவள். அவள் உருவத்தை வரைவதே இல்லை. கட்டத்துக்கு வெளியிலிருந்து அவளுடைய பேச்சு மட்டும் வரும். எதிரே உட்கார்ந்திருக்கும் இருவரும் சிறுபிள்ளைத்தனமாக ஏதாவது உளறுவார்கள். அவள் ஒரே வரியில் மடக்குவாள். கதை முடிந்தது. அடுத்த வாரமும் அதே இருக்கை, அதே உளறல், அதே வெற்றி!

தோற்கவே தோற்காத ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு எழுதுவதற்குப் பெயர் விவாதமா? கேலிச்சித்திரம் என்றால் வரையப்படுகிறவர் அகப்பட வேண்டும். இங்கே அந்தப் பெண்ணுக்கு முகம் கூடக் கிடையாது. முகமே இல்லாதவளை யார் கேலி செய்ய முடியும்? எதிர்த்தரப்பின் வசனத்தையும் தாமே எழுதி, தீர்ப்பையும் தாமே வழங்கிக் கொள்வதற்கு 'பகுத்தறிவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக எழுதப்பட்ட தஃப்ஸீர்களில் ஒன்றைப் புரட்டிய மனிதர் அந்தக் கடைக்குள் ஒருமுறையாவது நுழைந்துவிட்டால் இரண்டாவது கட்டத்திலேயே கதை நின்றுவிடும். அதனால்தான் அவரை உள்ளே விடுவதில்லை போலும்!

திருக்குர்ஆனைப் பாருங்கள். மக்கத்துக் குறைஷிகள் நபி (ஸல்) அவர்களைக் கவிஞர் என்றார்கள், சூனியக்காரர் என்றார்கள், பைத்தியக்காரர் என்றார்கள். இந்த ஏச்சுகளை யார் பாதுகாத்து வைத்தது? குர்ஆன்தான்! அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே எடுத்து வைத்து, பிறகு பதில் சொல்கிறது. அந்த வசனங்களை இன்றும் தொழுகையில் ஓதுகிறோம். எதிரியின் பேச்சைக் கேட்கப் பயப்படாத வேதத்தைக் கையில் வைத்திருக்கும் நாம், சில கட்டப் படத்தைக் கண்டு பதற வேண்டுமா?

கருத்துச் சுதந்திரம் பற்றி அவர்கள் போதிக்கும் பாடத்துக்கு வருவோம். எந்த நம்பிக்கையும் கேலிக்கு அப்பாற்பட்டதல்ல, சட்டம் யாரையும் காப்பாற்றக் கூடாது என்கிறார்கள். சரி, அந்த நாட்டின் சட்டம் எப்படி இருந்தது? ஈஸா (அலை) அவர்களைப் பற்றிய ஒரு கவிதையை வெளியிட்டதற்காக 1977-ல் லண்டனில் ஒரு பத்திரிகை ஆசிரியர் மத நிந்தனைச் சட்டத்தின்கீழ் தண்டிக்கப்பட்டார். சல்மான் ருஷ்டியின் நூலுக்கு எதிராக முஸ்லிம்கள் அதே சட்டத்தைத் தேடிப் போனபோது, இது கிறிஸ்தவ மதத்தை மட்டுமே காக்கும் சட்டம் என்று 1990-ல் நீதிமன்றம் கையை விரித்தது. அந்தச் சட்டம் ஒழிக்கப்பட்டது 2008-ல்தான். அதுவரை ஒரே கடையில் இரண்டு தராசு! வியாபாரிகளே, எடையில் மோசடி செய்பவர்களைப் பற்றி 'முதஃப்பிஃபீன்' என்று ஓர் அத்தியாயமே நமக்கு அருளப்பட்டிருக்கிறது. உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிரான்ஸில் நடந்ததும் இதே கதை. 2015 ஜனவரியில் சார்லி ஹெப்டோ மீதான தாக்குதலில் 12 பேர் கொல்லப்பட்டார்கள். மாபாதகச் செயல்! அதைச் செய்தவர்கள் நம் நபியின் பெயரைச் சொன்னது அதைவிடப் பெரிய பாதகம். அந்தப் பன்னிரண்டு பேரில் அஹ்மத் மெராபெத் என்ற முஸ்லிம் காவலரும் ஒருவர். கொலையாளிகள் சாதித்தது என்ன? சுமார் 60 ஆயிரம் பிரதிகள் அச்சிட்டுக் கொண்டிருந்த பத்திரிகையின் அடுத்த இதழ் 70 லட்சத்தைத் தாண்டியது. கருத்துச் சுதந்திரத்துக்காகப் பாரிஸில் உலகத் தலைவர்கள் கைகோத்து நடந்த அதே மாதத்தில், நீஸ் நகரில் எட்டு வயது முஸ்லிம் சிறுவன் ஒருவனை, பள்ளியில் ஏதோ சொன்னான் என்பதற்காகக் காவல் நிலையத்துக்கு வரவழைத்து விசாரித்தார்கள்.

இவ்வளவும் அவர்கள் பக்கத்துக் கணக்கு. நம் பக்கத்துப் பேரேட்டையும் திறக்க வேண்டாமா?

2013 அக்டோபரில் லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் இரண்டு மாணவர்கள் இந்தச் சித்திரம் அச்சிட்ட பனியன் அணிந்து வந்தார்கள். மூடுங்கள் அல்லது வெளியேறுங்கள் என்றது நிர்வாகம். டிசம்பரில் அதே நிர்வாகம் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டது. அடுத்த மாதம் சேனல் 4 தொலைக்காட்சி அந்தப் படத்தைக் காட்டியபோது நபி (ஸல்) அவர்களைக் குறிக்கும் உருவத்தை மட்டும் கறுப்பு வட்டமிட்டு மறைத்தது. ஈஸா நபியின் பெயரிலுள்ள உருவத்தை அப்படியே காட்டியது. அதற்காக நம்மில் எத்தனை பேருக்கு வலித்தது? தூதர்களிடையே வேற்றுமை பாராட்டுவதில்லை என்று வாயால் சொல்லும் நாம், கோபத்தில் மட்டும் வேற்றுமை பாராட்டுகிறோமே!

'இதற்கெல்லாம் கடுமையான சட்டம் வேண்டும்' என்று துடிக்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. லாகூரில் நபி (ஸல்) அவர்களை இழிவுபடுத்திய நூலை வெளியிட்டவர் 1927-ல் விடுதலையானபோது எழுந்த கொந்தளிப்பின் விளைவாகத்தான் அதே ஆண்டு 295ஏ என்ற சட்டப்பிரிவு வந்தது. நம் முன்னோரின் வேதனையில் பிறந்த சட்டம் அது. அந்தப் பிரிவு பின்னாளில் யார் மேல் பாய்ந்தது? 2021 புத்தாண்டு தினத்தன்று இந்தூரில் கைதான நகைச்சுவைக் கலைஞர் முனவ்வர் ஃபாரூக்கி மேல் பாய்ந்தது. ஒரு மாதத்துக்கும் மேல் சிறையிலிருந்த அவருக்கு உச்ச நீதிமன்றம்தான் ஜாமீன் கொடுத்தது. 2022-ல் பத்திரிகையாளர் முஹம்மது ஜுபைர் சிறைக்குப் போனது, 1983-ல் வந்த ஒரு இந்திப் படத்தின் காட்சியை நான்கு ஆண்டுகளுக்கு முன்பு பகிர்ந்ததற்காக! 2024 ஜூலை முதல் அதே பிரிவு புதிய சட்டத்தில் 299 என்ற எண்ணில் இருக்கிறது. எண் மாறினாலும் அது யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. நாலு பக்கமும் அடிபடும் சமுதாயத்துக்குப் பேசும் உரிமை பாதுகாப்புக் கவசம். அதை நாமே ஓட்டை போடக் கூடாது.

அப்படியானால் சும்மா இருக்கச் சொல்கிறோமா? இல்லை. அந்தப் படம் வந்தால் அங்கேயே அழியுங்கள். அனுப்பியவருக்கு ஏன் அழித்தீர்கள் என்று சொல்லுங்கள். வரையத் தெரிந்த பிள்ளைகள் நம் மஹல்லாவில் இருக்கிறார்கள். அவர்களை மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் மட்டுமே துரத்தாமல் பேனாவையும் தூரிகையையும் வாங்கிக் கொடுங்கள். கட்டத்துக்கு வெளியே ஒளிந்திருக்கும் அந்தப் பெண்ணிடம் நம் பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும்.

பத்ருப் போரில் சுஹைல் இப்னு அம்ர் கைதியாகப் பிடிபட்டார். இஸ்லாத்துக்கு எதிராக மேடையேறி முழங்கிய பெரும் பேச்சாளர் அவர். இனி இவர் பேசவே முடியாதபடி முன்பற்களைப் பிடுங்கி விடட்டுமா என்று உமர் (ரலி) அனுமதி கேட்டதாகவும், நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டதாகவும் ஸீரா நூல்கள் கூறுகின்றன. ஹுதைபிய்யாவில் 'அல்லாஹ்வின் தூதர்' என்ற சொல்லை ஒப்பந்தத்திலிருந்து அழிக்க வைத்ததும் இதே சுஹைல்தான். மக்கா வெற்றிக்குப் பிறகு அவர் இஸ்லாத்தைத் தழுவினார். நபி (ஸல்) அவர்கள் மறைந்த செய்தி கேட்டு மக்கா தடுமாறியபோது, எழுந்து நின்று பேசி மக்களை மார்க்கத்தில் நிலைநிறுத்தியவர் அவர்தான்.