பேய்ப் பாட்டில் செத்தவர் யார்?

2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31-இல் வந்தன. சிவகாசி, சாத்தூர் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒருபக்கம் சரவெடி, இன்னொரு பக்கம் மண்டையோட்டு முகமூடி. பின்னணியில் பேய்ப் படங்களை வைத்து எழுதிய ஆங்கில பாப்-பங்க் பாடல்கள். இதெல்லாம் நம்ம பண்பாடா என்று மூத்த தோழர்கள் சிலர் கோபப்பட்டார்கள். எங்களுக்கு அந்தக் கோபம் இல்லை. பண்பாட்டைக் காக்கிறோம் என்று சொல்லி யார் யாரை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள் என்பது தெரிந்த கதைதானே. வேகமான டிரம்ஸ், எல்லோரும் சேர்ந்து கத்த ஒரு பல்லவி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கேளுங்கள் தோழர்களே. எங்கள் கேள்வி வேறு. அந்தப் பாட்டில் செத்தவர் யார்?

இந்த வகைக்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர்கள் நியூ ஜெர்சியின் 'மிஸ்ஃபிட்ஸ்' குழுவினர். 1979 அக்டோபர் 31 அன்று, ஹாலோவீன் நாளில், 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' என்ற பாட்டை வெளியிட்டார்கள். ஜார்ஜ் ரொமேரோ 1968-இல் எடுத்த படத்தின் பெயர் அது. படத்தின் நாயகன் பென் ஒரு கறுப்பர். நடித்தவர் டுவேன் ஜோன்ஸ். இரவு முழுக்க நடமாடும் பிணங்களோடு போராடி உயிர் தப்புகிறார். விடிந்ததும் துப்பாக்கியோடு வரும் வெள்ளையர் கூட்டம் அவரையும் பிணம் என்று சுட்டுக் கொல்கிறது. கொக்கி போட்டு இழுத்துப் போய் எரிக்கிறது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அதே வருடம் வந்த படம். பாட்டிலோ பிணங்கள் எழுந்து நடக்கின்றன, பென் இல்லை. இரண்டு நிமிடப் பாட்டில் அவருக்கு இடம் ஏது என்று கேட்கலாம். பிணங்களுக்கு இடம் இருந்ததே.

பருவம் பார்த்துப் பேய்க்கதை பாடுவது நமக்கும் புதிதல்ல. தென்மாவட்டங்களில் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு. அதில் வருகிற சாமிகளில் பலர் கொலையுண்டவர்கள். முத்துப்பட்டன் கதையைப் பாருங்கள். பார்ப்பனராகப் பிறந்தவர், சக்கிலியரான வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்கிறார். பூணூலை விட்டுவிட்டுச் செருப்புத் தைக்கிறார். மாமனாரின் மாடுகளைக் கொள்ளையிட வந்தவர்களோடு மோதிச் சாகிறார். பாபநாசம் மலையில் சொரிமுத்தய்யனார் கோயிலில் இன்றும் அவருக்குத் தோல் செருப்புதான் காணிக்கை. இப்படிப்பட்ட கதையையே பிறகு பாடியவர்கள் திருத்தினார்கள். அந்தப் பெண்கள் பிறப்பால் உயர்ந்தவர்களாம், வாலப்பகடை எடுத்து வளர்த்தவர் மட்டுமாம்! கொலையும் ரத்தமும் அவர்களுக்குத் தொந்தரவாக இல்லை. அருந்ததியர் வீட்டுப் பெண் என்பதுதான் தொந்தரவு.

எல்லாக் கலையும் இப்படி மழுப்புவதில்லை. மாரி செல்வராஜின் 'கர்ணன்' படத்தில் (2021) செத்துப்போன தங்கச்சி முகமூடி அணிந்து திரும்பத் திரும்ப வருகிறாள். அவள் நடுரோட்டில் கிடந்து துடித்தபோது ஒரு வண்டியும் நிற்கவில்லை என்பதைப் படம் கடைசிவரை மறக்க விடுவதில்லை.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். பேய்ப் படத்தில் கொலைகாரனுக்கு ஒரு முகமூடியாவது இருக்கும். இங்கே பட்டாசு ஆலை வெடித்தால் மறுநாள் பேப்பரில் கொலைகாரனின் பெயர் 'உராய்வு'. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் சுமார் 40 பேர். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர். 2023 அக்டோபர் 17, ரெங்கபாளையத்தில் 10-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்கள். தீபாவளி நெருங்கும்போது ஆர்டர் குவியும், அனுமதித்ததைவிட அதிக ஆட்களை அறைக்குள் உட்கார வைப்பார்கள், உள்குத்தகைக்கு விடுவார்கள், மரத்தடியில்கூட மருந்து அடைப்பார்கள். வேலைக்குப் போகிறவர்களில் கணிசமானோர் நம் தெருப் பெண்கள். நிலம் இல்லை, வேறு வேலையும் இல்லை. உராய்வுக்கு இதெல்லாம் தெரியாது.

மாணவர்கள் சிலர் இந்த வருடம் கிடாரும் பறையும் வைத்துச் சொந்தமாக ஒரு பேய்ப்பாட்டு எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கும் பாடிக் காட்டினார்கள். வெடியில் கருகிய ஒரு பெண் தீபாவளி இரவில் திரும்பி வருகிறாள். மெட்டு பிரமாதம், உடம்பு சிலிர்த்தது. ஆனால் அந்தப் பாட்டில் குத்தகைக்காரர் இல்லை, லைசென்ஸ் இல்லை, கூலியும் இல்லை. அவள் எந்த அறையில் உட்கார்ந்திருந்தாள், நான்கு பேர் இருக்க வேண்டிய இடத்தில் எத்தனை பேர் இருந்தார்கள், ஒரு குரோஸ் அடைத்தால் கைக்கு எவ்வளவு வந்தது? அவள் வாயாலேயே பாட வையுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம். இரண்டு நிமிடத்துக்குள் அடங்காது என்றார்கள். மூன்று நிமிடமாகட்டுமே.