ஆப்பிரிக்க வைத்தியரும் ஆகாயத் தபாலும்

சுதந்திரக் கொடி பறக்கும் ஒரு தேசத்தின் வைத்தியர் பக்கத்து தேசத்து வைத்தியரிடம் ஒரு சந்தேகம் கேட்க விரும்பினால், அவருடைய குரல் லண்டனுக்கோ பாரிஸுக்கோ சென்று திரும்ப வேண்டியிருந்தது. 1980-களில் ஆப்பிரிக்க தேசங்கள் பலவற்றின் டெலிபோன் நிலைமை இதுவே. அந்நியர் போட்ட ரயில் பாதை உள்நாட்டிலிருந்து துறைமுகத்துக்கு ஓடிற்று; அவர்கள் இட்ட கம்பி துறைமுகத்திலிருந்து அவர்களுடைய தலைநகருக்கு ஓடிற்று. எஜமானர் கப்பலேறிப் போய்விட்டார். கம்பி மட்டும் பழைய எஜமானரின் வாசலையே சுற்றிக்கொண்டிருந்தது.

இதனால் வியாபாரிக்கு நஷ்டம் பணம்; வைத்தியருக்கு நஷ்டம் உயிர். அந்நியச் செலாவணி இல்லாமையால் அக்காலத்தில் ஆப்பிரிக்க சர்வகலாசாலைகளின் வைத்திய நூல்நிலையங்களுக்குப் புதிய சஞ்சிகைகள் வருவது அநேகமாக நின்றுபோயிற்று. பட்டணத்திலேயே இப்படியென்றால், மழைக்காலத்தில் பாதையறுந்து கிடக்கும் ஜில்லா ஆஸ்பத்திரியின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த அவல நிலையைக் கண்டு ஒரு காரியம் செய்தவர் அமெரிக்க இருதய வைத்திய நிபுணரான பெர்னார்ட் லோன். அணுயுத்தத்தை எதிர்ப்பதற்காக ஸோவியத் வைத்தியர் சாஸோவுடன் சேர்ந்து அவர் நிறுவிய வைத்தியர் சங்கத்துக்கு 1985-ல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் ஜனாதிபதி ரீகன் ஆகாயத்தில் யுத்தத் தளவாடங்களை நிறுத்தும் யோசனையை வெளியிட்டிருந்தார். ஆகாயத்தில் ஆயுதம் வைக்கப் பணமுண்டானால், வைத்தியரின் கடிதத்தை ஏற்றிச் செல்ல ஒரு சிறு செயற்கைக்கோளுக்குப் பணமில்லையா என்பதே லோனின் வாதம். இதிலிருந்து பிறந்தது ஸாட்டலைஃப் என்னும் ஸ்தாபனம். இங்கிலாந்தின் ஸர்ரி சர்வகலாசாலையார் கட்டிய செயற்கைக்கோள் ஒன்று 1990 ஜனவரியில் மேலே சென்றது. அதில் இந்த ஸ்தாபனத்துக்கு இடம் கிடைத்தது. 1993 ஸெப்டம்பரில் ‘ஹெல்த்ஸாட்-2’ ஏவப்பட்டது.

அதன் வேலைமுறை மிகவும் எளியது. சுமார் 800 கிலோமீட்டர் உயரத்தில், துருவங்களின் வழியாக, ஏறக்குறைய 100 நிமிஷத்துக்கு ஒருமுறை அது பூமியைச் சுற்றிற்று. பூமியும் அதன் கீழே சுழல்வதால் தினம் சில தடவையாவது ஒவ்வொரு ஊரின் தலைக்குமேலும் வரும். வந்தால் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் நிற்காது. அதற்குள் கீழே இருக்கும் ரேடியோவும் கம்ப்யூட்டரும் கடிதங்களை மேலே அனுப்பிவிட்டு, வந்தவற்றை இறக்கிக்கொள்ளும். ஏற்றிய கடிதத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு, உரிய ஊரின்மேல் போகும்போது அது கீழே போடும். குரல் இல்லை, படமும் இல்லை, வெறும் எழுத்து. டெலிபோன் கம்பி ஒரு முழம்கூட வேண்டாம். தபால்காரன் தெருவில் வரும் நேரம் தெரிந்தால் போதுமல்லவா? அவ்வளவுதான். வைத்திய சஞ்சிகைகளின் சாரத்தைத் தொகுத்த ஒரு சிறு பத்திரிகையும் இதே வழியில் சென்றது.

ஆனால், நாம் இங்கே கொஞ்சம் கடுமையாகப் பேசவேண்டியிருக்கிறது. ஸாம்பியாவும் மொசாம்பிக்கும் இடங்கொடுத்தன. வேறு பல இடங்களில் தடையாக நின்றது வறுமையோ காடோ அன்று; அந்தந்த தேசத்து டெலிபோன் இலாகாதான். தங்கள் ஏகபோகத்துக்குப் போட்டி வந்துவிட்டதென்று உத்தியோகஸ்தர்கள் லைசென்ஸ் தர மறுத்தும், தாமதித்தும், கட்டணம் விதித்தும் காலங்கடத்தினார்கள். தான் கம்பி போடாத ஊரில் பிறர் கடிதம் கொடுப்பதையும் தடுப்பது எந்த சுயராஜ்யத்தின் இலக்கணம்? அந்நியன் செய்தால் கொடுமையென்போம். நம்மவர் செய்தால் இலாகா விதியென்று பெயர் மாறிவிடுமோ?

மறுபுறமும் பார்க்கவேண்டும். 1990-களின் பிற்பகுதியில் டெலிபோன் வழி ஈமெயில் பரவியதும் செயற்கைக்கோளின் அவசியம் குறைந்தது. ஸாட்டலைஃப் பின்னர் வாஷிங்டனிலிருந்த ஒரு பெரிய ஸ்தாபனத்துடன் இணைந்தது. அமெரிக்க சர்க்கார் உதவிப்பணத்தை நம்பியிருந்த அந்த ஸ்தாபனமோ, சர்க்காரின் தடைக்கு ஆளாகி 2011-ல் கலைந்தது. லோனின் நல்லெண்ணத்தில் நமக்கு அணுவளவும் சந்தேகமில்லை. எனினும், பிறர் தயவில் வந்த வழி பிறர் கணக்குப் புத்தகத்தோடு மூடப்படும். 2025 ஜனவரியில் வாஷிங்டனில் உதவிப்பணத்தை நிறுத்தி ஒரு கையெழுத்து விழுந்தவுடன் ஆப்பிரிக்காவில் எத்தனை வைத்திய வேலைகள் நின்றன என்பதை உலகம் பார்த்தது.

இப்பொழுது ஆகாயத் தபால் வேறு உருவில் வந்திருக்கிறது. நைஜீரியா, மொசாம்பிக், கென்யா, ஸாம்பியா முதலிய தேசங்களில் 2023-ல் ஸ்டார்லிங்க் கம்பெனி கடை திறந்தது. வேகத்தில் பழைய ஹெல்த்ஸாட்டை அதனோடு ஒப்பிடுவதே நகைப்புக்கிடம். ஆயினும் 2022-ல் க்ரிமியாவின் அருகே சேவையைத் திறந்துவிடும்படி கேட்டபோது தாம் மறுத்ததாக அதன் முதலாளியே பின்னர் சொன்னார். அந்த மறுப்பு சரியா தவறா என்பது இங்கே விஷயமன்று. ஒரு தேசத்தின் பேச்சு ஒரு தனிமனிதரின் சித்தத்தைப் பொறுத்திருக்கலாமா என்பதே விஷயம்.

கம்பெனி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. காலரா கண்ட கிராமத்து நர்ஸிடம் முதலாளித்துவ விசாரணை நடத்துவது நமது நோக்கமன்று. ஆப்பிரிக்க தேசங்கள் கூடி 1992-ல் ராஸ்காம் என்ற சொந்த ஸ்தாபனத்தை ஏற்படுத்தின. அதன் முதல் செயற்கைக்கோள் 2007 டிஸம்பரில் ஏவப்பட்டு, வாயுக்கசிவினால் ஆயுள் குறைந்தது. 2010-ல் வேறொன்றை ஏவினார்கள். ஒரு தோல்வியைக் கண்டு கையை மடக்காத அந்தப் பிடிவாதத்தை நாம் போற்றுகிறோம். அதே பிடிவாதத்துடன் லைசென்ஸ் கொடுக்கும் சர்க்கார்கள் சில நிபந்தனைகளை விதிக்கட்டும். ஆரோக்கிய நிலையங்களின் எழுத்துக் கடிதத்துக்குக் கட்டணமில்லாத வழி ஒன்று ஒதுக்கப்படவேண்டும். தேசத்தின் சம்மதமின்றி அதைக் கம்பெனி மூடக்கூடாது. நோயாளிகளின் விவரங்கள் தேசத்துச் சட்டத்துக்கு உட்பட்டிருக்கவேண்டும். கருவியைப் பழுதுபார்க்க அந்தந்த ஜில்லாவிலேயே ஆட்களைப் பயிற்றவேண்டும். இவற்றுக்கு ஒப்பாத கம்பெனிக்கு லைசென்ஸ் இல்லையென்று கூறும் தைரியம் ஒரு சர்க்காருக்கு வந்தால், அடுத்த சர்க்காருக்கும் வரும்.