தள்ளி நின்று பேசுங்கள், தம்பி



கிள்ளானிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அப்பாவுக்கு மின்சக்கர நாற்காலி வாங்கப் போகிறார்களாம். வீட்டுக்கு எதிரே உள்ள கடைவரிசையின் மொட்டை மாடியில் கைப்பேசிக் கோபுரம் ஒன்று நிற்கிறது. “அந்த அலை பட்டால் நாற்காலி தானாக ஓடிவிடும் என்று மாமா சொல்கிறார். உண்மையா, இல்லை வழக்கம்போலப் பயம் காட்டுகிறாரா?” என்று கேட்டிருக்கிறார்.

மாமா சொல்வதில் பாதி சரி. வானொலி அலை பட்டு மின்சக்கர நாற்காலிகள் தாமாக நகர்ந்தது உண்டு. ஆனால் அவர் விரல் நீட்டும் திசைதான் சரியில்லை. கோபுரத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், நாற்காலியின் பக்கத்திலேயே வந்து நிற்கும் பொருளைக் கவனிப்பதில்லை.

இது முதலில் பெரிதாக வெளியே வந்தது அமெரிக்காவில், 1990களின் தொடக்கத்தில். நின்றுகொண்டிருந்த நாற்காலி திடீரென்று நகர்கிறது, கை வைக்காமலே பிரேக் விடுகிறது என்று புகார்கள் சேரச் சேர, அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் நாற்காலிகளை ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்தது. அலையின் வலிமையை மீட்டருக்கு இத்தனை வோல்ட் என்று அளப்பார்கள். மீட்டருக்கு 5 முதல் 15 வோல்ட் வரையிலான வலிமையிலேயே சில நாற்காலிகள் தடுமாறின. 5 வோல்ட் அளவில் பிரேக் விட்டது. சரிவில் நிறுத்தியிருந்தால் வண்டி உருள அதுவே போதும். வலிமை கூடக் கூடச் சக்கரம் சுழலவே தொடங்கியது. 1994 மே மாதத்தில் அந்த நிர்வாகம் தயாரிப்பாளர்களுக்கு எழுதியது: நாற்காலி மீட்டருக்கு 20 வோல்ட் வரையாவது தாங்க வேண்டும், எவ்வளவு தாங்கும் என்பதை வண்டியிலேயே ஒட்ட வேண்டும், தெரியாவிட்டால் தெரியாது என்றாவது ஒட்ட வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனை எனக்குப் பிடித்திருக்கிறது. விற்பவரைத் ‘தெரியாது’ என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வைப்பது சுலபமான காரியமில்லை.

அலை பட்டால் வண்டி ஏன் நகர வேண்டும்? ஜாய்ஸ்டிக் உண்மையில் மோட்டாரை ஓட்டுவதில்லை. அது கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சின்னஞ்சிறு மின்னழுத்தம் ஒன்றை அனுப்புகிறது. குச்சி நடுவில் நின்றால் ஓர் அளவு, முன்னே தள்ளினால் கொஞ்சம் கூடுதல், பின்னே இழுத்தால் கொஞ்சம் குறைவு. அந்தக் ‘கொஞ்ச’த்தைப் படித்துத்தான் பெட்டி மோட்டாருக்குக் கட்டளை போடுகிறது. இடையில் ஓடும் கம்பியோ, நாம் கேட்காமலே ஆண்டெனாவாகவும் வேலை செய்யும். பக்கத்தில் வலுவான அலை கிளம்பினால் கம்பியில் ஒரு பொய் மின்னழுத்தம் ஏறும். பெட்டிக்கு நிஜமும் பொய்யும் ஒன்றுதான். யாரோ குச்சியைத் தள்ளிவிட்டார் என்று நினைத்துக்கொள்கிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. மின்சக்கர நாற்காலியை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் கனடாவின் ஜார்ஜ் கிளைன். இரண்டாம் உலகப் போரில் முதுகெலும்பு அடிபட்ட வீரர்களுக்காக, அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் அவர் அதைச் செய்தார். 1956இல் எவரெஸ்ட் அண்ட் ஜென்னிங்ஸ் நிறுவனம் பெருமளவில் தயாரித்து விற்கத் தொடங்கியது. அந்தக் காலத்து வண்டி முரடு. சுவிட்ச் போட்டால் ஓடும், எடுத்தால் நிற்கும். இலேசான அலைக்கெல்லாம் அசைகிற சாதியில்லை. பிறகு டிரான்சிஸ்டரும் நுண்செயலியும் வந்து, விரல் நுனியின் அசைவுக்கே இசைந்து ஓடும் நாற்காலி கிடைத்தது. கழுத்துக்குக் கீழே ஒரு விரல் மட்டுமே அசைகிறவரும் அதைத் தானே ஓட்டலாம். அந்த மென்மைக்குக் கொடுத்த விலைதான் இந்தத் தொல்லை.

சரி, கோபுரத்துக்கு வருவோம். மாடியில் இருக்கும் ஆண்டெனா தன் அலையைப் பெரும்பாலும் கிடைமட்டமாகத் தொலைவுக்கு வீசுகிறது. கீழே தெருவில் இருப்பவரை எட்டும்போது அது பொதுவாக மீட்டருக்குச் சில வோல்ட்டுக்கும் குறைவு. புக்கிட் நானாஸில் 1996இல் திறக்கப்பட்ட 421 மீட்டர் உயரக் கோலாலம்பூர் கோபுரத்தைப் பற்றியும் அந்நகரின் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தினர் கவலைப்பட வேண்டாம். தூரம் இரட்டித்தால் அலையின் வலிமை பாதியாகும் என்பதே இங்கே பெரிய பாதுகாப்பு. எட்டத்தில் உள்ள பெரியது அல்ல, கிட்டத்தில் உள்ள சிறியதே கவனிக்க வேண்டியது.

அந்தச் சிறியது வாக்கி டாக்கி. பேரங்காடிக் காவலர், அடுக்குமாடியின் ஜாகா (காவலாளி), கார் நிறுத்துமிட ஊழியர், திருவிழாத் தொண்டர் எல்லார் இடுப்பிலும் அது தொங்குகிறது. கேட்டுக்கொண்டிருக்கும்போது அதனால் கெடுதல் இல்லை. பேசுவதற்குப் பொத்தானை அழுத்தியதும் அலை கிளம்பும். 5 வாட் சக்தியுள்ள கருவி ஒன்று, ஒரு மீட்டர் தூரத்தில், மீட்டருக்கு ஏறத்தாழ 15 வோல்ட் வலிமையை உண்டாக்கும் என்று கணக்கிடலாம். அரை மீட்டருக்கு நெருங்கினால் 30ஐத் தொடும். நல்ல நாற்காலி 20 வரை தாங்கும் என்று பார்த்தோம். ஆக, கணக்கு அந்த அரை மீட்டரில்தான் கெடுகிறது.

பிரிக்ஃபீல்ட்ஸில் இது எப்படி நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மோனோரயிலிலிருந்து இறங்கி நூ சென்ட்ரல் பேரங்காடி வழியாகக் கே.எல். சென்ட்ரலுக்குப் போகும் வழி. நாற்காலியில் வரும் பெரியவரைப் பார்த்ததும் ஓர் இளங்காவலர் ஓடி வருகிறார். “இருங்கய்யா, லிஃப்டைப் பிடிச்சு வைக்கச் சொல்றேன்” என்று ஒரு கையை நாற்காலியின் முதுகில் வைத்துக் குனிகிறார். மறுகையில் வாக்கி டாக்கி. பொத்தானை அழுத்துகிறார். ஜாய்ஸ்டிக்குக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. இதில் யாரைக் குறை சொல்வது? உதவ வந்த பிள்ளை அவர். அவரிடம் யாருமே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு உறுத்துவதும் இதுதான். 1994இலிருந்து இன்றுவரை எச்சரிக்கைகள் எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கே எழுதப்படுகின்றன. வண்டி ஓடும்போது கைக்கருவியில் பேசாதே, ஒலிபரப்புக் கோபுரத்தின் அருகே போகாதே, நகர்ந்தால் சுவிட்சை அணை என்று கையேட்டின் பின்பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும். அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் அலையைக் கிளப்புகிறவர் வேறொருவர், அவர் கையில் எந்தக் கையேடும் இல்லை. ஒதுங்கிப் போக வேண்டியவர் ஒதுங்க முடியாதவராகவும், ஒதுங்கக் கூடியவர் விவரம் அறியாதவராகவும் இருக்கிறார்கள்.

கைப்பேசி? முன்பைவிட இப்போது ஆபத்து குறைவு. 2ஜி கைப்பேசி துடிப்புத் துடிப்பாக 2 வாட் வரை வீசியது. இன்றைய 4ஜி கைப்பேசியின் உச்சமே 0.2 வாட் அளவுதான். ஆனாலும் சிலர் கிராப் ஓட்டுநர்போல ஜாய்ஸ்டிக் பக்கத்திலேயே கைப்பேசித் தாங்கியை மாட்டி வைக்கிறார்கள். அதை மறுபக்கக் கைப்பிடிக்கு மாற்றுங்கள், அல்லது பையில் போடுங்கள். டாக்சிகளில் வானொலிக் கருவி கரகரத்த காலம் அநேகமாகப் போய்விட்டது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் வாகனங்களில் பொருத்திய கருவிகள் கைக்கருவியைவிடச் சக்தி மிகுந்தவை. அவற்றுக்கு இரண்டு மூன்று மீட்டர் இடம் விடுவது நல்லது.

இவ்வளவும் படித்துவிட்டு யாரும் அப்பாவை வீட்டிலேயே உட்கார வைத்துவிடக் கூடாது. பிரிக்ஃபீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தனில் நாற்காலியில் போகிறவரைக் கேட்டால், அவருடைய கஷ்டப் பட்டியலில் மின்காந்த இடையூறு கடைசியில்கூட இருக்காது. நடைபாதையில் ஏறும் மோட்டார் சைக்கிள், மூடி இல்லாத கால்வாய், கடைக்காரர் பரப்பி வைத்த கூடைகள், ஐந்தடிப் பாதைக் கடைகளுக்கு இடையே திடீரென்று வரும் ஒரு படி, இவைதான் அன்றாடம். பார்வையற்றோர் சங்கம் பல காலமாக இருக்கும் வட்டாரம், தடம் காட்டும் மஞ்சள் ஓடுகள் பதித்த வட்டாரம், அதுவே இப்படி. ஆனால் அந்தக் கால்வாய்தான் இங்கே கதையை மாற்றுகிறது. சமதரையில் நாற்காலி அரை அடி நகர்ந்தால் திடுக்கிடுவோம், பிறகு சிரிப்போம். திறந்த கால்வாயின் ஓரத்திலோ சாலை விளிம்பிலோ இரயில் மேடையிலோ அந்த அரை அடி வேறு கணக்கு.

வாசகி கேட்காவிட்டாலும் நாற்காலி வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. மின்சக்கர நாற்காலிகளின் மின்காந்தப் பொருத்தத்துக்கு ஐ.எஸ்.ஓ. 7176-21 என்ற உலகத்தரம் இருக்கிறது. முதலில் 2003இல் வந்தது. 20 வோல்ட் சோதனை அதில் அடக்கம். கடைக்காரரிடம் விலைக்கு முன் இந்த எண்ணைக் கேளுங்கள். “அதெல்லாம் நல்ல சாமான்தான்மா” என்று பதில் வந்தால், கையேட்டைக் காட்டச் சொல்லுங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைப்பது, சொந்தக்காரர் பயன்படுத்திக் கொடுத்தது, நன்கொடையாக வந்தது எதையும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; பல குடும்பங்களுக்கு அதுதான் வழி. ஆனால் எவ்வளவு தாங்கும் என்று தெரியாத வண்டியைத் தாங்காத வண்டியாகவே நினைத்து ஓட்டுங்கள். வாங்கிய பிறகு கை வைப்பதிலும் கவனம் தேவை. பேட்டரியிலிருந்து இழுத்த யு.எஸ்.பி. சார்ஜர், தீபாவளிக்குக் கட்டிய எல்.இ.டி. விளக்கு, ஜாய்ஸ்டிக் கம்பியை வெட்டி நீட்டியது, இப்படிக் கூடச் சேர்க்கும் ஒவ்வொன்றும் சோதனையில் தேறிய வண்டியைச் சோதிக்காத வண்டியாக்கிவிடும்.

வண்டி தானாக நகர்ந்தால் என்ன செய்வது? சுவிட்சை அணைப்பது. ஜாய்ஸ்டிக்கோடு மல்லுக்கட்ட வேண்டாம். இந்த நாற்காலிகளில் பிரேக் தலைகீழாக வேலை செய்கிறது: மின்சாரம் வந்தால் திறக்கும், நின்றால் இறுக்கிப் பிடிக்கும். அதனால் அணைப்பதே நிறுத்துவது. அந்த சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது ஓட்டுகிறவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. கூட வரும் பேரனுக்கும் பணிப்பெண்ணுக்கும் தெரிய வேண்டும். இரயிலுக்கோ லிஃப்டுக்கோ காத்திருக்கும்போது அணைத்தே வைக்கும் பழக்கம் இன்னும் நல்லது. அணைந்த வண்டியை எந்த வாக்கி டாக்கியாலும் ஓட்ட முடியாது. கையால் தள்ளுவதற்காக மோட்டாரை விடுவிக்கும் நெம்புகோலைச் சரிவில் மட்டும் தொடாதீர்கள். அதைத் திருப்பிவிட்டால் பிரேக்கே கிடையாது.

மலேசியாவில் இதற்குச் சட்டம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், அதாவது சட்டம் 685, பொது இடங்களுக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் தடையின்றிச் செல்லும் உரிமையை ஒப்புக்கொள்கிறது. மீறினால் என்ன தண்டனை என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. மாற்றுத்திறனாளிகளின் (ஓ.கே.யூ.) அமைப்புகள் அன்றுமுதல் சுட்டிக்காட்டும் ஓட்டை அது. நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது மருத்துவச் சாதனச் சட்டம் 2012, சட்டம் 737. மருத்துவச் சாதனத்தை இறக்குமதி செய்து விற்பவரை, அதனால் நேரும் அசம்பாவிதத்துக்குப் பொறுப்புச் சொல்ல வைக்கும் சட்டம் அது. நாற்காலி தானாக நகர்ந்தால் “பேட்டரி ஏதோ கோளாறு” என்று விட்டுவிடாமல், விற்றவருக்கும் மருத்துவச் சாதன ஆணையத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அமெரிக்காவில் 1994 மாற்றம் வந்தது பயனர்கள் வாய் திறந்ததால்தான்.

இனி என் கோரிக்கை. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் எத்தனை வாக்கி டாக்கிகள் ஒரே நேரத்தில் பேசும் என்று எண்ணிப் பார்க்க முடியாது. போலீஸ், ரேலா தன்னார்வப் படையினர், கோவில் தொண்டர், ஆம்புலன்ஸ் பணியாளர், பந்தல்காரர். அந்த நெரிசலில் நாற்காலிக்காரர் ஒதுங்கவும் இடமில்லை. கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானாவில் தீபாவளிச் சந்தைக் கூட்டமும் அளவில் சிறியதே தவிர, வேறில்லை. கோவில் நிர்வாகங்களும் தெருச் சந்தை ஏற்பாட்டாளர்களும் தொண்டர்களுக்குச் சட்டையும் அட்டையும் கொடுக்கும் நாளில் இரண்டு நிமிடம் ஒதுக்கினால் போதும். மின்சக்கர நாற்காலி அருகே பேச வேண்டியிருந்தால் முதலில் இரண்டு மீட்டர் தள்ளிப் போ, பிறகு பொத்தானை அழுத்து. தள்ளிப் போக இடமில்லை என்றால், வண்டியை அணைக்கச் சொல்லிவிட்டுப் பேசு. வண்டியை நீயே தொடாதே, உட்கார்ந்திருப்பவரிடம் கேள். இதைத் தமிழிலும் மலாயிலும் சொல்லிவிடுங்கள். தொண்டர்கள் எல்லாரும் தமிழ் பேசுகிறவர்கள் அல்லர்.

உங்களில் யாருக்காவது நாற்காலி சொல்லாமல் நகர்ந்த அனுபவம் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். வண்டியின் பெயரும் மாடல் எண்ணும், இடம், நேரம், பக்கத்தில் யார் எந்தக் கருவியில் பேசிக்கொண்டிருந்தார், தரை சமமா சரிவா, பிறகு எப்படி நின்றது என்பதைக் குறிப்பிடுங்கள். பெயர்களை வெளியிட மாட்டோம். வருகிறவற்றைத் தொகுத்து மருத்துவச் சாதன ஆணையத்துக்கு அனுப்பி, அவர்கள் சொல்லும் பதிலை இதே பக்கத்தில் அச்சிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்