ஹவுராவின் உலைகள்

ஹூக்ளி ஆற்றைக் கடந்து ஹவுராவுக்குச் செல்வோர் இரும்பு வார்ப்படச் சாலைகளின் புகையைக் கண்டிருப்பர். நியூயார்க் நகரத் தெருக்களில் கிடக்கும் பாதாளச் சாக்கடை மூடிகள் பல இங்கு வார்க்கப்பட்டவையே! இச்சாலைகளை மூடிவிட்டால் காற்று தூய்மையாகும் என்பார் உளர். அவ்வாறு கூறுவோர், உலையை நம்பி வாழும் குடும்பங்களை எண்ணிப் பார்ப்பதில்லை.

1998ஆம் ஆண்டில் 'டெரி' என்னும் ஆய்வு நிறுவனம், சுவிட்சர்லாந்து அரசின் உதவியுடன், ஹவுராவின் வார்ப்படச் சாலை ஒன்றில் புதிய உலையை அமைத்தது. பழைய உலையில் காற்று ஒரே வரிசைத் துளைகளின் வழியே புகும். கல்கரி முழுமையாக எரியாமல், ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடு வாயுவாக வீணே வெளியேறும். புதிய உலையில் சற்று மேலே இரண்டாம் வரிசைத் துளைகளும் உண்டு. அவற்றின் வழியே புகும் காற்று அவ்வாயுவையும் எரித்து வெப்பம் தரும். இதுவே முதன்மையான மாற்றம். கல்கரியின் தேவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கல்கரி குறையின் கரியமில வாயுவும் குறையுமன்றோ?

ஆயினும் சிறுதொழில் செய்வோர் தயங்குவது இயல்பே. உலையை மாற்றும் நாள்களில் வேலை நிற்கும், கூலி நிற்காது. அவர்களிடம் புவி வெப்பமாதலைப் பற்றி உரையாற்றுவதைவிட, கரி வாங்கிய கணக்கேட்டைத் திறந்து காட்டுவதே பயன் தரும் என்பேன். அதனினும் முதன்மையானது, முதல் உலையின் செலவை யார் ஏற்பது என்னும் வினா. அச்சுமையைச் சிறு பட்டறையின் தலைமேல் மட்டும் வைத்தல் முறையன்று. பம்புகளுக்கு வார்ப்படம் செய்யும் நம் கோயம்புத்தூர்ப் பட்டறைகளுக்கும் இது பொருந்தும்.